வைக்கம் பெரியார் நினைவகம் கண்டோம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை, கற்றறிந்த புலவர் பெருமக்கள் நின்று பேசுகின்ற இடம். பள்ளி இறுதித் தேர்வோடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டு, பயணச்சீட்டோடும் சரக்குக் கணக்கோடும் காலங்கழித்து வரும் எங்களைப் போன்றோர்க்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். நாங்களும் அவ்வாறே எண்ணித் தயங்கினோம். ஆனால் நம் செயலாளர் அவர்கள், “புலமைப் பேச்சு வேண்டாம். நீங்கள் சில குடும்பங்கள் ஒன்று சேர்ந்து வைக்கம் சென்று வந்தீர்களே, அங்கே கண்டதையும் அதனால் கருதியதையும் சொன்னால் போதும்” என்று கட்டளையிட்டார்கள். அந்தக் கட்டளையைத் தலைமேற்கொண்டு நிற்கிறோம்.

நம்மில் பலர் விடுமுறை கிடைத்தால் தெற்கு நோக்கிப் புறப்படுவது வழக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணிக்கு மணிமண்டபம் இருக்கிறது. தோழர் ஜீவாவுக்கும் மணிமண்டபம் இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் காந்தி மண்டபத்திற்கு அருகே காமராசர் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. தமிழகத் தலைவர்களின் நினைவிடங்கள் எல்லாம் எல்லைக்கு அப்பால் இருப்பனவே என்ற எண்ணம் நமக்கு இயல்பாக உண்டாகிவிடுகிறது. ஆனால் வடக்கே, கேரளத்தின் நடுவே, கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த வைக்கம் நகரில், ஒரு தமிழ்த் தலைவரின் வாழ்வைச் சொல்லும் நினைவகம் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசின் செலவில், கேரள மண்ணில், அது எழுந்து நிற்கிறது. தந்தை பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்களின் நினைவகமே அது.

1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த நினைவகம், காலப்போக்கில் பழுதுற்றிருந்தது. வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டை ஒட்டி 8 கோடியே 14 இலட்சம் ரூபாய்ச் செலவில் அது புதுப்பிக்கப்பட்டு, நூலகமும் சேர்க்கப்பட்டு, 2024 டிசம்பர் 12-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலினும், கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனும் அந்த விழாவில் ஒன்றாக நின்றார்கள்.

செல்லும் வழி

சென்று வர எண்ணும் அன்பர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறோம். இங்கிருந்து திருவனந்தபுரம் சென்று, அங்கே கோட்டயம் வழியாக எறணாகுளம் செல்லும் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ‘வைக்கம் ரோடு’. எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. நிற்கும் வண்டி எது என்று கேட்டறிந்து சீட்டு வாங்குவதே நலம். இல்லையேல் கோட்டயத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் ஓரிடத்திலும் நிலையம் வேறிடத்திலுமாக இருந்தால், ஊர்ப் பெயரோடு ‘ரோடு’ என்று சேர்த்து எழுதிவிடுவார்கள். அந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே தொடங்குகிறது என்பது அதன் பொருள். வைக்கம் ரோடு நிலையத்திலிருந்தும் நகரம் தள்ளியே இருக்கிறது. பேருந்தில் ஏறித்தான் செல்ல வேண்டும். சாலை என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அந்த நிலையத்தில் இறங்கிய எங்களுக்கு, ஒரு சாலைக்காகவே அந்த ஊரில் இருபது திங்கள் போராட்டம் நடந்தது என்பது நினைவுக்கு வந்தது.

நினைவகத்திலே அமர்ந்த கோலத்தில் பெரியாரின் சிலை இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அவர்தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளும், வைக்கம் போராட்ட வரலாறும் படங்களாகவும் குறிப்புகளாகவும் வைக்கப்பட்டுள்ளன. பெரியவர்கள் நின்று படித்தோம். குழந்தைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமி, படங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் தாயிடம், “அம்மா, ரோட்டிலே நடக்கிறதுக்கா ஜெயிலுக்குப் போனார்கள்?” என்று கேட்டாள். அந்தத் தாய் உடனே விடை சொல்ல இயலாமல் எங்களைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

சாலை மறித்த பலகை

வைக்கத்திலே மகாதேவர் திருக்கோயில் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்து நான்கு பக்கமும் சாலைகள் உள்ளன. கோயிலுக்குள் நுழைவதைப் பற்றிய வழக்கு அன்று எழவே இல்லை. கோயிலுக்கு வெளியே, பொதுமக்கள் பணத்தில் போடப்பட்ட அந்தச் சாலைகளில் ஈழவரும் புலையரும் பிற தாழ்த்தப்பட்டோரும் நடக்கக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். ‘தீண்டல் பலகை’ என்று அதற்குப் பெயர். மாடு போகலாம், நாய் போகலாம், வேற்று மதத்தினரும் போகலாம். அந்தக் கோயிலில் உறையும் கடவுளையே கும்பிடும் ஏழை மட்டும் சுற்றுவழியில் போக வேண்டும்.

இதனை மாற்ற வேண்டும் என்று அயராது உழைத்தவர் டி. கே. மாதவன். அவர் 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்து இதைப் பற்றிப் பேசிய இடம் நம் திருநெல்வேலி. நம்மில் பலருக்குச் சொந்த ஊரான அந்த மண்ணிலே இந்தப் போராட்டத்தின் விதைகளுள் ஒன்று விழுந்தது என்பதைப் பெருமையோடு நினைக்கலாம். 1923-ஆம் ஆண்டு இறுதியில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீண்டாமை ஒழிப்பைக் கையில் எடுத்தது. அதனையொட்டி, 1924 மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று.

முதல் நாள் மூவர் நடந்தார்கள். புலையர் குலத்துக் குஞ்ஞாப்பி, ஈழவர் குலத்துப் பாகுலேயன், நாயர் குலத்துக் கோவிந்தப் பணிக்கர். பலகை அருகே காவலர்கள் அவர்களைத் தடுத்து, சாதி என்ன என்று கேட்டார்கள். நாயர் போகலாம், மற்ற இருவரும் போகக்கூடாது என்றார்கள். “இவர்களோடு சேர்ந்தே போவேன்” என்ற கருத்தில் கோவிந்தப் பணிக்கரும் உறுதியாக நின்றார். மூவரும் சிறைப்பட்டார்கள். அடுத்தடுத்துத் தலைவர்களும் சிறை புகுந்தார்கள். டி. கே. மாதவனும் கே. பி. கேசவ மேனனும் சென்றார்கள். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும் சென்றார். நடத்த ஆளின்றிப் போராட்டம் நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது.

தமிழகம் சென்ற கடிதம்

அந்த வேளையில்தான் கேரளத் தலைவர்களிடமிருந்து தமிழகத்திற்குக் கடிதம் சென்றது. அப்போது பெரியார் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தார். அழைப்புக் கிடைத்ததும், தம் பொறுப்பை இராஜாஜியிடம் ஒப்படைத்துவிட்டு, 1924 ஏப்ரல் 13-ஆம் நாள் வைக்கம் வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் மகாராஜா வடநாடு செல்லும்போது ஈரோட்டில் பெரியாரின் இடத்தில் தங்கியதுண்டு. ஆகவே வைக்கத்திற்கு வந்த பெரியாரை வரவேற்று உபசரிக்க அரசு அதிகாரிகளே வந்தார்கள் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். மன்னரின் விருந்தினராக இருந்திருக்கலாம். நல்ல உணவும் வண்டியும் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, மன்னரின் கைதியாக இருப்பதையே அவர் தேர்ந்துகொண்டார்.

மே மாதம் சிறைப்பட்டார்; ஒரு திங்கள் தண்டனை பெற்று அருக்குற்றிச் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் ஊர் திரும்பவில்லை. தடையை மீறி மறுபடியும் வைக்கத்திற்கே சென்றார். ஜூலை மாதம் மீண்டும் சிறை; இம்முறை நான்கு திங்கள் கடுங்காவல்; இடம் திருவனந்தபுரம் மத்தியச் சிறை. மற்றத் தலைவர்கள் அரசியல் கைதிகளாக நடத்தப்பட, பெரியார் மட்டும் சாதாரணக் குற்றவாளியைப் போல நடத்தப்பட்டார். காலிலே விலங்கும், தலையிலே கைதிக் குல்லாயும், கழுத்திலே எண் பொறித்த மரப்பட்டையுமாக அவர் இருந்த காட்சியை, உடன் சிறையில் இருந்த கேசவ மேனன் மனமுருகி எழுதி வைத்திருக்கிறார். ஆகஸ்டுத் திங்களில் மன்னர் மூலம் திருநாள் மறைந்ததையொட்டி அவர் விடுதலை பெற்றார். இரு முறையுமாகச் சேர்த்து ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் அவர் திருவிதாங்கூர்ச் சிறைகளில் கழித்தார்.

அவர் சிறையில் இருந்த காலத்தில் துணைவியார் நாகம்மையாரும், தங்கை கண்ணம்மாளும் களத்திலே நின்றார்கள். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். மொழி தெரியாத ஊரில், கணவர் சிறையில் இருக்க, ஈரோட்டுப் பெண்மணிகள் மலையாளப் பெண்மணிகளோடு தோள் சேர்ந்து நின்றார்கள் என்பது சிறு செயல் அன்று. கோவை அய்யாமுத்து போன்ற தமிழர்களும் வந்து சிறை சென்றார்கள்.

ஆனால் தமிழர்கள் வந்துதான் எல்லாவற்றையும் செய்தார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டால் அது நேர்மையாகாது. ஸ்ரீ நாராயண குரு தம் மடத்தைச் சத்தியாக்கிரகிகள் தங்குவதற்கு அளித்தார். ஆயிரம் ரூபாய் நன்கொடையும் தந்தார். பஞ்சாபிலிருந்து அகாலியர் வந்து அன்னசாலை நடத்தினார்கள். 1924 ஜூலையில், இந்நாட்டு முதியோர் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் வந்தபோது, காவலர் படகில் இருக்க, தொண்டர்கள் மார்பளவு நீரில் மாறி மாறி நின்றார்கள். கண்ணிலே சுண்ணாம்பு இடப்பட்டுப் பார்வை இழந்தவர்கள் உண்டு. அடிபட்டு உயிர் துறந்த சிற்றேடத்துச் சங்குப்பிள்ளை போன்றோரும் உண்டு. பலர் கூடி இழுத்த தேர் அது. தளர்ந்து நின்ற நேரத்தில் வடம் பிடிக்க வந்தவர் பெரியார்.

நம் ஊர்ச் சாலை

“வைக்கம் எங்கோ இருக்கிறது, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இதில் என்ன?” என்று யாரேனும் கேட்டால், அவர்களுக்கும் விடை உண்டு.

1924 நவம்பர் மாதத்தில் இரண்டு ஊர்வலங்கள் திருவனந்தபுரம் நோக்கிப் புறப்பட்டன. சாலையைத் திறந்துவிடுமாறு உயர்சாதியினரே அரசியிடம் முறையிடுவதற்காகச் சென்ற ஊர்வலங்கள் அவை. வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் ஒன்று. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றொன்று. 25,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேது லட்சுமிபாய் அவர்களிடம் அளிக்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழி எது? களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நாம் நாள்தோறும் பேருந்தில் செல்கின்ற இதே சாலைதான்.

அதற்கும் முன்னே போவோம். நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில், ஆற்றுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக ஸ்ரீ நாராயண குரு நிறுவியது 1888-ஆம் ஆண்டில். நமக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றது 1893-ஆம் ஆண்டில். வைக்கத்தில் சாலைக்காகப் போர் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, நம் பக்கத்து ஊர்ச் சாலையில் அந்த வண்டியின் சக்கரம் உருண்டுவிட்டது. ஆகவே வைக்கம் நினைவகத்திலே நாம் பார்க்கும் வரலாற்றின் முதல் ஏடுகள் நமது வட்டாரத்திலேயே எழுதப்பட்டவை.

எல்லையில் வாழும் நமக்கு இதனால் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. மொழியின் பெயரால் இப்பகுதியில் நேர்ந்த துயரங்களை முதியோர் அறிவார்கள். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அப்பாலும் தம்பி இப்பாலும் ஆயினர். அதற்குப் பின்னர்ப் பிழைப்பின் பொருட்டு நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. “நாம் இங்கே விருந்தாளிகள்தாமே” என்று நம்மவர் சிலர் சோர்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறோம்.

அவர்களுக்கு வைக்கம் நினைவகம் விடை சொல்கிறது. விருந்தினராக இருக்க அழைக்கப்பட்டவர், அந்த மண்ணின் துன்பத்தைத் தம் துன்பமாக எடுத்துக்கொண்டார். அதனாலேயே அந்த மண்ணுக்கு உரியவரானார். அவரை அழைத்தவர்களும் மலையாளிகள்; இன்று அவர் சிலையைத் தம் ஊர் நடுவே வைத்துக் காப்பவர்களும் மலையாளிகள். ஒரு மண்ணில் நமக்கு உரிமை வருவது அந்த மண்ணின் மக்களுக்கு நாம் செய்யும் தொண்டினாலே என்பதை அங்கே கண்டோம்.

வென்றதும் நின்றதும்

போராட்டத்தின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1925 பிப்ரவரி 7-ஆம் நாள், சாலையைத் திறக்க வேண்டும் என்ற தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டசபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கினால் தீர்மானம் தோற்றது. மார்ச்சுத் திங்களில் காந்தியடிகளே வைக்கம் வந்து இரு தரப்பாரோடும் பேசினார். இறுதியில் மூன்று பக்கச் சாலைகள் எல்லோர்க்கும் திறக்கப்பட்டன. 1925 நவம்பர் 23-ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. வெற்றி விழாக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் பெரியார். ஆனால் கிழக்குச் சாலை அப்போதும் திறக்கவில்லை. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வந்த ஆலயப் பிரவேச விளம்பரத்தின் பின்னரே, சாலையோடு கோயிலும் திறந்தது.

பெரியாரின் பிற்காலக் கொள்கைகள் நம் சங்கத்தில் எல்லார்க்கும் உடன்பாடு அல்ல என்பதை அறிவோம். நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். எங்களோடு வந்த குடும்பங்களுள் இரண்டு, நினைவகத்தைப் பார்த்துவிட்டு, மகாதேவர் கோயிலுக்கும் சென்று வழிபட்டே திரும்பின. அவர்கள் அந்தக் கிழக்கு வழியிலே தடையின்றி நடந்தார்கள். கடவுளை நம்புகிறவர்க்கும் நம்பாதவர்க்கும் அந்தச் சாலை பொது. அதைத் திறந்தவர்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றியும் பொது.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். சாலையில் நடப்பதற்காகச் சிறை செல்வதா என்று அவள் வியந்தாள். அவள் வியந்ததே அந்தத் தலைவர்கள் பெற்ற வெற்றி. நம் குழந்தைகளுக்கு அது நம்ப முடியாத கதையாகிவிட்டது. ஆனால் பெரியவர்களாகிய நாம் அதோடு நின்றுவிடலாகாது. வைக்கத்தில் பலகை இருந்தது; கண்ணுக்குத் தெரிந்தது; அதன் முன்னே போய் நிற்க முடிந்தது. பலகை இல்லாமலே அடைபட்டுக் கிடக்கும் வழிகளை என்ன செய்வது?

மனத்தில் பட்டதைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். நம் குடியிருப்பின் கடைசி வரிசையிலே, தண்டவாளம் காக்கும் தொழிலாளர் குடும்பங்களும், துப்புரவுப் பணி செய்யும் குடும்பங்களும் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். நம் வண்டி தடம் புரளாமல் ஓடுவதும், நம் நிலையம் நாற்றமின்றி இருப்பதும் அவர்கள் கை வண்ணம். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலே அவர்கள் பெயர்கள் காணப்படவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்று யாரும் போய் அழைத்ததும் இல்லை. விழா நாளன்று பந்தலுக்கு வெளியே, வேலி ஓரத்தில் நின்று கலை நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அழைப்பில்லாத இடத்திற்கு மானமுள்ளவர்கள் வரமாட்டார்கள்.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: இவ்வாண்டு உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தோடு செயற்குழுவினர் இருவர் அந்தக் கடைசி வரிசையில் வீடு வீடாகச் சென்று, உள்ளே அமர்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிப் பருகி, அழைத்து வர வேண்டும். சந்தாத் தொகை பெரிதாகத் தோன்றுவோர்க்குத் தவணையும் உண்டு என்று சொல்ல வேண்டும்.

இரண்டு: ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் எழுத்து வகுப்பை அந்தக் குழந்தைகளுக்கும் உரியதாக்க வேண்டும். மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் மலையாளத்தை நன்றாகப் படிக்கட்டும். அது அவர்களுக்குச் சோறு போடும் மொழி, அக்கம்பக்கத்தாரின் மொழி. கூடவே தமிழையும் எழுதப் படிக்க அறிந்தால்தான், வைக்கம் நினைவகத்தில் தமிழில் எழுதி வைத்திருப்பதைப் பெற்றோர் படித்துச் சொல்லக் காத்திராமல், அவர்களே படிப்பார்கள்.

மூன்று: அடுத்த விடுமுறையில் சங்கத்தின் சார்பிலே ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்து, எல்லா வரிசைக் குடும்பங்களும் ஒன்றாக வைக்கம் சென்று வர வேண்டும். அக்கம்பக்கத்து மலையாள நண்பர்களையும் அழைக்கலாம். வண்டி நேரம் பார்ப்பதும், கூட்டமாகச் செல்வோர்க்குச் சீட்டுப் பதிவதும் எங்கள் பொறுப்பு. கட்டுச்சோறு தாய்மார்களின் பொறுப்பு.

புகைவண்டியிலே ஒரு சிறப்பு உண்டு. சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் சேருமிடத்தைத்தான் கேட்கிறோம், சாதியைக் கேட்பதில்லை. சங்கத்தின் வாசலும் அவ்வாறே இருக்க வேண்டும். இந்த வேண்டுகோள்களைச் செயற்குழு ஏற்று, அடுத்த ஆண்டு விழாவிலே வேலி ஓரத்தில் ஒருவரும் நிற்காமல், அனைவரும் பந்தலுக்குள்ளே அமர்ந்திருக்கக் காண வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.